2018-ல் கடைசிக் கல்லைத் தவறவிட்ட ஈவ் மியூர்ஹெட், 2022-ல் தங்கம் வென்றது எப்படி?

கேள்வி இதுதான்: பியாங்சாங் ஒலிம்பிக்கில் கடைசிக் கல்லில் பதக்கத்தை இழந்த ஸ்காட்லாந்தின் ஈவ் மியூர்ஹெட், அடுத்த ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிவிட்டார். இடையில் என்ன மாறியது? மன உறுதிதான் காரணம் என்கிறார்களே, அது சரியா? ஐஸ் தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங்கில் ஒரு வீராங்கனையின் வாழ்க்கை என்பதே எப்படித்தான் இருக்கும்?

மன உறுதி என்ற பதிலை நான் ஏற்கவில்லை. அது அவரிடம் பத்தொன்பது வயதிலேயே இருந்தது. இல்லாவிட்டால் அந்த வயதில் ஒலிம்பிக் அணிக்குத் தலைமை தாங்கியிருக்க முடியாது. அந்த நான்கு ஆண்டுகளில் மாறியது அவரைச் சுற்றி இருந்த அணி. கடைசிக் கல்லை விடுவது ஒருவர்தான். ஆனால் அந்தக் கல் எவ்வளவு கடினமாக இருக்கும் என்பதை மற்ற மூவரும் அதற்கு முன்பே பாதி தீர்மானித்துவிடுகிறார்கள். இது புரிந்தால் மியூர்ஹெட்டின் கதை முழுவதும் புரியும். அதற்கு ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சுமார் 45 மீட்டர் நீள ஐஸ் தளம். மறுமுனையில் 'ஹவுஸ்' என்று அழைக்கப்படும் வட்டங்கள். வெளிவட்டத்தின் குறுக்களவு 3.66 மீட்டர். கல் கிரானைட், எடை இருபது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒலிம்பிக்கில் பயன்படும் கற்களுக்கான கிரானைட், ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் உள்ள அய்ல்சா கிரேக் என்ற சிறு தீவிலிருந்து வருகிறது. அணிக்கு நால்வர், ஆளுக்கு இரண்டு கற்கள். இரு அணியும் மாறி மாறி பதினாறு கற்களை விட்டு முடித்தால் அது ஒரு 'எண்ட்'. ஒலிம்பிக்கில் பத்து எண்ட் ஆடுவார்கள். மையத்துக்கு மிக அருகில் கல் வைத்திருக்கும் அணிக்கு மட்டுமே அந்த எண்டில் புள்ளி. எதிரணியின் சிறந்த கல்லைவிட உள்ளே இருக்கும் ஒவ்வொரு கல்லும் ஒரு புள்ளி.

எண்டின் கடைசிக் கல்லை விடும் உரிமைக்கு 'ஹேமர்' என்று பெயர். ஒரு எண்டில் புள்ளி எடுத்தால் அடுத்த எண்டில் ஹேமர் எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஹேமர் கையில் இருக்கும்போது ஒரே ஒரு புள்ளி எடுப்பது பாதித் தோல்வி மாதிரி. இரண்டோ அதற்கு மேலோ எடுக்க வேண்டும்; முடியாது என்றால் எல்லாக் கற்களையும் துடைத்துவிட்டு, யாருக்கும் புள்ளி இல்லாமல் எண்டை முடித்து ஹேமரைத் தக்கவைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கடைசிக் கல் பெரும்பாலும் அணித்தலைவியான 'ஸ்கிப்'பின் கையில்தான் இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது இப்படி நடக்கும். ஐஸில் பதித்த 'ஹேக்' என்ற ரப்பர் பிடிமானத்தில் ஒரு கால். மற்றக் காலின் அடியில் வழுக்கும் தகடு. உடலைப் பின்னுக்கு இழுத்து, ஹேக்கை உதைத்து, கல்லோடு சேர்ந்து தாழ்வாகச் சறுக்கி வருகிறார். குறிக்கோட்டுக்கு முன்பே கைப்பிடியை லேசாகத் திருப்பி விட வேண்டும். அந்தச் சிறு சுழற்சிதான் கல்லை வளைக்கிறது. விட்ட பிறகு இருபது வினாடிக்கு மேல் கல் ஓடிக்கொண்டே இருக்கும். அத்தனை நேரமும் இரண்டு பேர் அதற்கு முன்னால் பிரஷ்ஷால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். நன்றாகத் தேய்த்தால் கல் சில மீட்டர் கூடுதலாகப் போகும், வளைவும் குறையும். ஆக, ஸ்கிப் விட்ட கல்லின் கதி அவர் கையை விட்ட பிறகும் இரண்டு தோழிகளின் தோள்களில்தான் இருக்கிறது.

மியூர்ஹெட் இந்த விளையாட்டுக்குள்ளேயே பிறந்தவர் என்று சொல்லலாம். 1990-ல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் பிறந்து, பிளேர் அத்தோல் கிராமத்தில் வளர்ந்தவர். அப்பா கோர்டன், 1999-ல் உலகப் பட்டம் வென்ற ஸ்காட்லாந்து அணியில் இருந்தவர். சகோதரர்கள் கிளென், தாமஸ் இருவரும் 2018 ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஆண்கள் அணியில் இருந்தார்கள் (உலகப் போட்டியில் ஸ்காட்லாந்து என்று ஆடுபவர்கள் ஒலிம்பிக்கில் பிரிட்டன் பெயரில் ஆடுவார்கள்). கோல்ஃபிலும் கெட்டிக்காரி, அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து கோல்ஃப் உதவித்தொகை வாய்ப்பு வந்தும் வேண்டாமென்று கர்லிங்கில் நின்றார். ஸ்காட்லாந்தின் ஊதுகருவியான பேக்பைப்பும் நன்றாக வாசிப்பார்.

2002-ல் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ரோனா மார்ட்டின் தலைமையிலான அணி சுவிட்சர்லாந்தை 4-3 என்று வென்று தங்கம் எடுத்தபோது இவருக்கு வயது பதினொன்று. அந்த ஆட்டத்தின் கடைசிக் கல்லை ஸ்காட்லாந்தில் இன்னும் பேசுகிறார்கள். பின்னாளில் அதே ரோனா மார்ட்டின் இவருக்குப் பயிற்சியாளராகவும் வந்தார்.

ஜூனியர் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் தடுமாற்றமே இல்லை. 2007, 2008, 2009, 2011 என நான்கு முறை உலக ஜூனியர் பட்டம். இதில் 2009 போட்டி நடந்தது வான்கூவரில், மறுவருடம் ஒலிம்பிக் நடக்கவிருந்த அதே அரங்கில். பட்டம் வென்ற இடத்துக்கே பத்தொன்பது வயது ஸ்கிப்பாகத் திரும்பி வந்தார். ஒன்பது ஆட்டத்தில் மூன்றுதான் ஜெயித்தார்கள், ஏழாவது இடம். ஜூனியரில் எதிராளி தவறு செய்யும் வரை காத்திருந்தால் போதும். பெரியவர்கள் ஆட்டத்தில் அந்தத் தவறு வராது. அந்த வித்தியாசத்தை அவர் ஒலிம்பிக் மேடையிலேயே படிக்க வேண்டியதாயிற்று. ஆனால் வேகமாகப் படித்தார்: ஒலிம்பிக் முடிந்த சில வாரங்களிலேயே உலகப் போட்டியின் இறுதி வரை போய் ஜெர்மனியிடம் தோற்று வெள்ளி. 2011-ல் ஐரோப்பியத் தங்கம். 2013-ல் ரிகா நகரில் ஸ்வீடனை 6-5 என்று வென்று உலகத் தங்கம். அப்போது வயது இருபத்திரண்டு. அவ்வளவு இளம் வயதில் ஒரு பெண் ஸ்கிப் உலகப் பட்டம் வென்றது அதுவே முதல்முறை.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் அன்னா ஸ்லோன், விக்கி ஆடம்ஸ், கிளேர் ஹாமில்டன் ஆகியோரோடு ஆடினார். அமெரிக்காவுக்கு எதிராக ஒரே எண்டில் ஏழு புள்ளி எடுத்தார்கள். கர்லிங் பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஒரு எண்டில் மூன்று கிடைத்தாலே அது பெரிய எண்ட். அரையிறுதியில் கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸிடம் தோல்வி. அந்தப் போட்டியில் ஜோன்ஸ் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் வாங்கினார். மியூர்ஹெட் சுவிட்சர்லாந்தை 6-5 என்று வென்று வெண்கலம் எடுத்தார்.

ஜோன்ஸ் பெயர் வந்ததால் பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் தொழில்முறை வழக்கறிஞர். கர்லிங்கில் உச்சத்தில் இருப்பவர்கள்கூட வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடியதுதான் நீண்டகால வழக்கம். பிரிட்டனில் லாட்டரி நிதியிலிருந்து விளையாட்டு வீரர்களுக்கு உதவித்தொகை வருகிறது, ஸ்டர்லிங் நகரில் தேசியப் பயிற்சி மையமும் 2017 முதல் இருக்கிறது. அதனால் மியூர்ஹெட்டால் முழுநேரமும் இதிலேயே இருக்க முடிந்தது. ஆனால் அந்த நிதி பதக்கத்தை எதிர்பார்த்து வருவது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பார்கள். ஒரு ஸ்கிப் தோற்றால் அணியில் இருக்கும் எல்லோருடைய எதிர்காலமும் ஆட்டம் காணும். ஒவ்வொரு ஒலிம்பிக் முடிந்ததும் உலகெங்கும் கர்லிங் அணிகள் கலைந்து புதிதாகச் சேர்வது இந்த விளையாட்டின் பருவகாலம் மாதிரி. கூட ஆடிய தோழி அடுத்த சீசனில் எதிரணியில் நிற்பார்.

இப்போது பியாங்சாங். 2018 பிப்ரவரி, வெண்கலப் பதக்க ஆட்டம், எதிரில் சட்சுகி ஃபுஜிசாவா தலைமையிலான ஜப்பான். ஒன்பது எண்ட் முடிவில் ஜப்பான் 4-3 முன்னிலை. பத்தாவது எண்டில் ஹேமர் மியூர்ஹெட்டிடம். கடைசிக் கல் கைக்கு வரும்போது அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்து கூடுதல் எண்டுக்குப் போவது. ஆனால் அங்கே ஹேமர் ஜப்பானிடம் இருக்கும். இன்னொன்று, கற்களை மோதி விலக்கி இரண்டு எடுத்து அங்கேயே ஜெயிப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். கல் மோதியது, ஆனால் நினைத்த கோணத்தில் இல்லை. சிதறியவற்றில் ஒரு ஜப்பான் கல் மையத்தின் அருகே போய் நின்றது. 5-3. ஜப்பானுக்கு கர்லிங்கில் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

அந்தத் தேர்வைப் பலரும் குறை சொன்னார்கள். எனக்கு அது சரியான தேர்வாகவே படுகிறது. ஹேமர் இல்லாமல் கூடுதல் எண்டுக்குப் போவது, ஜெயிக்கும் வாய்ப்பை எதிரணியிடம் ஒப்படைப்பதற்குச் சமம். மோசமான முடிவு வந்ததால் எடுத்த தீர்மானமே மோசம் என்று சொல்லக் கூடாது. என்னை உறுத்துவது வேறு. பத்தாவது எண்டுக்கு முன்பு வரை அந்த ஆட்டத்தில் அவர்கள் எடுத்தது மூன்று புள்ளிதான். வாய்ப்புகள் ஒவ்வொன்றாகக் கைநழுவி, கடைசியில் எல்லாப் பாரமும் ஒரே ஒரு கடினமான கல்லின் மேல் வந்து உட்கார்ந்தது. அந்தக் கல்லை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

அதன் பிறகு அவருக்கு இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை. கல் விடும் நிலையை யோசித்துப் பாருங்கள்: ஒரு காலை மார்புக்கு அடியில் முழுவதும் மடக்கி, உடல் எடை மொத்தத்தையும் அதன் மேல் வைத்துச் சறுக்க வேண்டும். பத்து வயதிலிருந்து ஆயிரக்கணக்கான முறை இப்படிச் செய்தால் இடுப்பு என்ன ஆகும்? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மென்மையாகத் தெரியும் விளையாட்டு இது. ஆடுகிறவர்களின் இடுப்பையும் முழங்காலையும் கேட்டால்தான் உண்மை வரும்.

ஸ்லோன் அணியை விட்டு விலகினார். அணி மாறியது, மறுபடி மாறியது. 2020 உலகப் போட்டி கொரோனாவால் ரத்து. 2021-ல் கால்கரியில் வெளியுலகத் தொடர்பில்லாமல் நடந்த உலகப் போட்டியில் முதல் ஆறு இடத்துக்குள் வந்தால் ஒலிம்பிக் உறுதி. ஸ்காட்லாந்து எட்டாவது. என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையின் அடிமட்டம் இதுதான், பியாங்சாங் அல்ல. பியாங்சாங்கில் ஒரு கல் தவறியது. கால்கரியில் அணியே போதவில்லை.

அப்போது பிரிட்டிஷ் கர்லிங் நிர்வாகம் எடுத்த முடிவு இந்த விளையாட்டின் வழக்கத்துக்கு நேர் எதிரானது. பொதுவாக ஓர் அணி தானாகச் சேர்ந்து, தானாகத் தகுதி பெற்று வரும். அதற்குப் பதிலாக ஒன்பது வீராங்கனைகளை ஒரே குழுவாக்கி, மாற்றி மாற்றி ஆடவைத்து, கடைசியில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று ஒலிம்பிக் கண்ட, உலகப் பட்டம் வென்ற ஒருவர், தன்னைவிடப் பல வருடம் இளையவர்களோடு சமமாக நின்று மறுபடி தேர்வு எழுதுவது போலத்தான் இது. வேண்டாமென்று ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஒதுங்கவில்லை. மன உறுதி என்ற சொல்லை எங்காவது வைக்க வேண்டுமென்றால் நான் இங்கேதான் வைப்பேன்.

தேர்வாகி வந்தது புதிய ஐவர். முதல் இரண்டு கற்களுக்கு ஹெய்லி டஃப், அடுத்த இரண்டுக்கு ஜெனிஃபர் டாட்ஸ், மூன்றாவதாக விக்கி ரைட், கடைசியில் மியூர்ஹெட், மாற்று ஆட்டக்காரர் மிலி ஸ்மித். ரைட் ஒரு செவிலியர். கொரோனா காலத்தில் மருத்துவமனைப் பணியையும் பயிற்சியையும் சேர்த்தே பார்த்தவர். டாட்ஸ் பெய்ஜிங்கில் புரூஸ் மோவட்டோடு கலப்பு இரட்டையரும் ஆடி நான்காவது இடத்தில் முடித்துவிட்டு, அந்த வலியோடு நேரே பெண்கள் அணிக்கு வந்தவர். இந்த இருவரும் தேய்ப்பதில் காட்டிய வேகம்தான் இந்த அணியின் பெரும் சொத்து என்று நினைக்கிறேன். கொஞ்சம் வேகம் குறைவாக விட்ட கல்லையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

2021 நவம்பரில் லில்லஹாமரில் ஐரோப்பியத் தங்கம். டிசம்பரில் நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் கடைசித் தகுதிப் போட்டி. அங்கிருந்து பெய்ஜிங் போனவை மூன்று அணிகள்: பிரிட்டன், ஜப்பான், தென் கொரியா. பின்னால் தங்கமும் வெள்ளியும் வாங்கியது இந்தக் கடைசிக் கதவு வழியாக வந்த இரு அணிகள்தான்.

பெய்ஜிங்கிலும் பாதை சுலபமாக இல்லை. லீக் சுற்றில் ஒன்பதில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. ஜப்பானும் கனடாவும் அதே கணக்கு. மூவரில் இருவருக்குத்தான் இடம். அதைத் தீர்மானித்தது யாரும் கவனிக்காத ஒரு விஷயம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு, யாருக்கு முதல் ஹேமர் என்று முடிவு செய்ய, ஒவ்வொரு அணியும் மையத்தை நோக்கி இரண்டு கற்களை விடும். ஒன்று வலமாகச் சுழலும், ஒன்று இடமாக. கல் நின்ற இடத்துக்கும் மையத்துக்கும் உள்ள தூரத்தை சென்டிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். லீக் முழுவதும் சேர்த்த அந்தச் சராசரியில் பிரிட்டன் மூன்றாவது, ஜப்பான் நான்காவது, கனடா வெளியே. தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கும் முன்பே விடப்படும் கற்கள் அவை. கடைசிக் கல்லுக்குப் பெயர்போன ஒருவரை அரையிறுதிக்குக் கொண்டுபோனது ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய கற்கள். இந்த ஒலிம்பிக்கில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

அரையிறுதியில் எதிரணி 2018-ன் தங்க அணி, ஸ்வீடனின் அன்னா ஹாசல்போரி. முதல் எண்டிலேயே ஸ்வீடன் நான்கு புள்ளி எடுத்தது. ஒலிம்பிக் அரையிறுதியில் 0-4 என்றால் பொதுவாகக் கதை முடிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர்கள் பதறவில்லை. ஒவ்வொரு எண்டாக, கற்களை ஹவுஸுக்குள் குவித்து, ஸ்வீடனைக் கடினமான கற்களுக்குத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். பத்து எண்ட் முடிவில் 11-11. கூடுதல் எண்டில் ஒரு புள்ளி எடுத்து 12-11 என்று முடித்தார்கள். இரண்டு அணியும் சேர்ந்து 23 புள்ளி எடுத்த ஒலிம்பிக் அரையிறுதி என்பது அபூர்வம். கர்லிங் மெதுவான ஆட்டம் என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

2022 பிப்ரவரி 20, இறுதி ஆட்டம். எதிரில் மறுபடியும் ஃபுஜிசாவா. முதல் எண்டில் பிரிட்டனுக்கு இரண்டு. ஏழாவது எண்டில் நான்கு எடுத்ததும் 8-2 ஆகிவிட்டது. இந்த ஏழாவது எண்டைப் பொறுமையாகப் பார்த்தால் நான் முதலில் சொன்னது கண்ணில் தெரியும். நான்கு புள்ளி ஒரு கல்லில் வருவதில்லை. முன்னால் விட்ட கற்கள் சரியான இடங்களில் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருந்தால்தான், கடைசிக் கல் வரும்போது அவ்வளவு சேர்ந்து நிற்கும். ஒன்பதாவது எண்டில் 10-3 ஆனதும் ஜப்பான் கைகுலுக்கி ஆட்டத்தை ஒப்புக்கொடுத்தது. பத்தாவது எண்டே ஆடப்படவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே எதிராளிக்கு எதிராகப் பத்தாவது எண்டின் கடைசிக் கல்லில் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை அப்படியொரு கல்லுக்குத் தேவையே வரவில்லை. ரோனா மார்ட்டின் அணிக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த தங்கம் இது. அந்தக் குளிர்கால ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே தங்கமும் இதுவே.

அதோடு அவர் நிற்கவில்லை. இரண்டே மாதத்தில் ஜெனீவாவில் பாபி லாமியோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் உலகப் பட்டமும் வென்றார். அப்புறம் 2022 ஆகஸ்டில், முப்பத்திரண்டு வயதில், ஓய்வு அறிவித்தார். நாற்பதைத் தாண்டியும் உச்சத்தில் ஆட முடிகிற விளையாட்டில் அது சீக்கிரம்தான். ஆனால் இருபது வருடம் மடக்கிச் சறுக்கிய இடுப்பையும், நான்கு ஒலிம்பிக்கையும் கணக்கில் எடுத்தால் எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பிறகு 2026 மிலானோ கோர்ட்டினா ஒலிம்பிக்குக்கு பிரிட்டன் குழு முழுவதற்குமான தலைவராக நியமிக்கப்பட்டார்.

நேரம் இருந்தால் 2018 வெண்கல ஆட்டத்தின் பத்தாவது எண்டையும் 2022 இறுதியின் ஏழாவது எண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மியூர்ஹெட் கல் விடுவதை மட்டும் பார்க்காமல், அவர் முறை வருவதற்கு முன் ஹவுஸில் கற்கள் எப்படி நிற்கின்றன என்று கவனியுங்கள்.